எண் வராத வண்டியில் மூன்று நாள்

புது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறவர்களிடம் எல்லாம், நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அது பொய்யில்லை. மேட்டில் திணறுவதில்லை. ஏசி கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிறது. எட்டுப் பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம். ஆனால் வாங்கிய முதல் வாரத்தில் விருதுநகர்ப் பக்கம் அதை ஓட்டிக்கொண்டு போன மூன்று நாளைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கூட இருந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்காரர் சுந்தரம், பஞ்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் நன்றாகத் தெரியும். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம், சொந்தபந்தங்களை ஏற்றி இறக்க வேண்டும் என்று இந்த உயரமான பெரிய வண்டியை எடுத்தோம். பத்திரிகையைச் சிவகாசியில் அடித்தால்தான் அடித்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. வண்டியை நீளமாக ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் இருவர் கட்சியும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் மறுநாளே கிளம்பிவிட்டோம்.

பதிவு எண் அப்போது வந்திருக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் வெறும் தகடு. பூசை போட்ட மாலை முகப்பில் வாடிக் கிடந்தது. இருக்கைகளின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதை எப்போது கிழிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. கல்யாணத்துக்கு அப்புறம் என்றார் அவர். வியர்வையில் முதுகு ஒட்டுகிறது, இப்போதே என்றேன் நான். அந்தச் சண்டையில் மட்டும் அவர் ஜெயித்தார்.

முதல் நாள் முழுக்க அந்த உயரத்துக்குப் பழகுவதிலேயே போனது. மொட்டை மாடியில் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. பேருந்து ஓட்டுநரின் முகம் நம் முகத்துக்கு நேராக வருகிறது. ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடியே, “பொம்பள ஓட்டுதுய்யா!” என்று உள்ளே திரும்பிக் கத்தினார். பத்துப் பேர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ஹாரன்தான் உடம்புக்குப் பொருந்தாத கீச்சுக் குரல். இடது பக்கம் ஒட்டி வருகிற சைக்கிள் கண்ணாடியில் தெரிவதில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் எண்பதைத் தாண்டாதீர்கள் என்று விற்றவர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எண்பத்தி ரெண்டு.”

“தெரியுதுங்க.”

“எண்பத்தி மூணு ஆயிருச்சு கண்ணு.”

கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் உள்ளே வராது என்பதும் விற்றவர் பெருமையாகச் சொன்ன விஷயம். அது உண்மை. லாரிகள் வாயைத் திறந்து மூடுகிற மாதிரிக் கடந்து போயின.

விருதுநகரில் வெயில் அடித்த அடிக்கு வண்டியை விட்டு இறங்க மனசே வரவில்லை. எங்கள் ஊரில் புரட்டாசி வந்தால் மலைக்காற்று இறங்கிவிடும். இங்கே புரட்டாசியைச் சித்திரை என்றுதான் சொல்ல வேண்டும். விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போனோம். முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. நான் அதை அப்படியே கடிப்பதைப் பரிமாறுகிறவர் சகிக்க முடியாமல் பார்த்துவிட்டு வந்தார்.

“பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்தி கொஞ்ச நேரம் விடுங்கம்மா. எந்த ஊரு? கோயம்புத்தூரா? அங்கன எல்லாம் பரோட்டாவ மெத்தை மாதிரி போடுவாகளாம்ல.”

சிவகாசிக்குப் போகிறோம் என்றதும் அவர் வாளியைக் கீழே வைத்தார். “சீசன் நேரம். பாத்துப் போங்க. லோடு லாரி கண்ணு மண்ணு தெரியாம வரும்.” லாரியைப் பற்றித்தான் எச்சரித்தார். வேறு எதையும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை சிவகாசி. அச்சகத்தில் பிள்ளையார் மட்டும் நாற்பது விதம் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பிள்ளையாரிடமும் ஏதாவது குறை கண்டுபிடித்தார். ஒரு வழியாக ஆர்டர் கொடுத்து, டீ குடித்து, சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஒன்றரைக்குக் கிளம்பினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல முள். முள்ளுக்கு நடுவே ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒரு அறை வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்று அப்படிக் கட்டுகிறார்கள். பட்டாசு ஆலையை இங்கே யாரும் ஆலை என்று சொல்வதில்லை. பயர் ஆபீஸ் என்கிறார்கள். என்னவோ மேசை நாற்காலி போட்டு எழுதுகிற வேலை மாதிரி.

ஆமத்தூரை நெருங்கும்போது ஸ்டியரிங் என் கையில் ஒரு முறை நடுங்கியது. டயர் போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடியது, என் வீட்டுக்காரர் பழைய பாட்டு வைத்திருந்தார். சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. முள்ளுக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாகப் புகை எழுந்ததைத்தான் முதலில் பார்த்தோம். பிறகு ஆட்கள் ரோட்டைக் கடந்து ஓடினார்கள். புகையை நோக்கி இல்லை, எதிர்ப்பக்கம்.

லுங்கி கட்டிய ஒருவர் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். கண்ணாடியை இறக்கினேன். “பெரிய வண்டியா இருக்கும்மா, ரெண்டு பேரு கெடக்காக. ஏத்திக்கிருங்க, புண்ணியமாப் போகும்!”

இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். என் மனதில் முதலில் வந்தது இருக்கை. புது இருக்கை, மகன் கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி. ஒரு நொடிதான். ஆனால் வந்தது வந்ததுதான். அதற்குள் என் வீட்டுக்காரர் இறங்கிப் பின்கதவைத் திறந்து கடைசி வரிசையை மடக்கத் தொடங்கியிருந்தார்.

மண் பாதையில் உள்ளே போனேன். முள் இரண்டு பக்கமும் கீறியது. அந்த நீளக் கீறல் இன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு அறை இருந்த இடத்தில் அறை இல்லை. வழி மறித்தவர்தான் எல்லாம் செய்தார், அவர் பக்கத்துத் தோட்டக்காரர். ஆலையைச் சேர்ந்தவர்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. “ஃபோர்மேன் ஓடிட்டான்மா. போலீஸ் வந்தா முதல்ல அவனத்தான் பிடிக்கும்,” என்றார் அவர். வயதான ஒரு பெண்ணைச் சாக்கில் கிடத்தித் தூக்கிவந்து பின்னால் வைத்தார்கள். அந்த அம்மாளுக்கு அப்போதே உயிரில்லை என்று பிறகு தெரிந்தது.

இன்னொருத்தி நடந்தே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தாள். சேலை இருந்த இடம் எது, உடம்பு எது என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முகத்தில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து அப்பியிருந்தது. கதவருகே வந்தவள் ஏறாமல் நின்றாள்.

“புதுச் சீட்டும்மா. நான் கீழ உக்காந்துக்கிருதேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “மேலே உட்காரும்மா,” என்று கத்தினேன். கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, சட்டென்று ஏறி நடு வரிசையில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

வெந்தவர்கள் கதறுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் தெளிவாகப் பேசிக்கொண்டு வந்தாள். “இந்தக் காத்து நல்லாருக்கு. நிப்பாட்டிறாதீகம்மா,” என்றாள், ஏசியைச் சொல்லி. பிறகு மணி கேட்டாள். இரண்டேகால் என்றேன்.

“ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிரலாமா? எங்க வீட்டுக்காரரு வேலை முடிஞ்சு வந்துருவாக. நான் இங்கன வந்தது தெரிஞ்சா வைவாக.”

“போயிடலாம். உன் பேர் என்ன?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மாரீஸ்வரி. மாரீஸ்வரின்னே எழுதச் சொல்லுங்கம்மா.” ஊரையும் சொன்னாள், ஆமத்தூரை ஒட்டிய ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் பேரைக் கேட்டேன். பதில் வரவில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மாரீஸ்வரி என்று மட்டும் சொல்லாமல், மாரீஸ்வரின்னே எழுதச் சொல்லுங்க என்று ஏன் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டே தலை நரைத்தவள் நான். பேரைச் சொல்லி ஒரு கை உயர்ந்தால் அந்தப் பேர் அந்தக் கைக்குச் சொந்தம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முள் எண்பதைத் தாண்டியது. தொண்ணூறைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓட்டு கண்ணு, இன்னும் ஓட்டு,” என்றார்.

விருதுநகரில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. எதிர் டீக்கடையில் இருந்த ஒருவர் என்னிடம் வந்து, “எத்தனை பெர்சண்ட்டும்மா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்ற கணக்கு. இந்தப் பக்கத்தில் பேர் கேட்கும் முன்பு அதைத்தான் கேட்கிறார்கள். அறுபதுக்கு மேல் என்று டாக்டர் சொன்னதும் கேட்டவர் நாக்கால் ‘ச்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை.

சீட்டு எழுதும் இடத்தில் பேரை நான்தான் சொன்னேன். மாரீஸ்வரி, இன்ன ஊர். முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட யாராவது வருகிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். நாங்கள் ஏறவில்லை. என் புடவை முழுக்க வெள்ளி மருந்து. நாளைக்குக் காலையில் வந்து பார்க்கிறோம் என்றேன். அவள் படுத்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எங்களுக்கு வேலை இருக்கும், பரவாயில்லை என்று சொல்வது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை சூலக்கரைப் பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவும் இடம் ஒன்றில் வண்டியை விட்டோம். பிளாஸ்டிக் உறையை யார் கிழிப்பது, எப்போது கிழிப்பது என்ற பேச்சே எழவில்லை. கழுவுகிறவரே கிழித்து, சுருட்டி, எங்கோ கொண்டுபோய்ப் போட்டார். கதவின் உட்பக்கத்தில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தன. “தண்ணிக்குப் போவாதும்மா இது. கெரசின் போட்டுப் பாக்குதேன்,” என்றார்.

அப்போது ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தோளில் மூட்டை சுமந்து சுமந்து காய்த்த தழும்பு. வண்டியின் வெறும் தகட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நம்பர் எழுதாத பெரிய வண்டி என்று சொல்லிச் சொல்லியே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பேர் கருப்பசாமி. விருதுநகரில் லாரி செட்டில் லோடு ஏற்றுகிறவர்.

“நேத்து உங்க வண்டியிலதான் ஏத்துனாகளாம்லம்மா. அதுல பேச்சியம்மாள்னு யாரும் உண்டா? என் வீட்டுக்காரி. நேத்துல இருந்து காணோம்.”

“இல்லைங்க,” என்றேன். “ஒரு அம்மாவை அவங்க பையன் வந்து அடையாளம் காட்டிட்டார். இன்னொருத்தி மாரீஸ்வரி.”

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நான் சொன்ன அந்தப் பதில் தப்பு. அது தப்பென்று எங்களுக்குத் தெரியவர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. புருஷனுக்குத் தெரியாமல் வேலைக்கு வந்தேன் என்று ஒருத்தி முந்தின நாள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். பெண்டாட்டியைக் காணோம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே நின்று கேட்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு வேலை செய்யவில்லை.

“பயர் ஆபீஸ் பக்கமே போகப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்மா. என் தம்பி அதுலதான் செத்தான். அவ போக மாட்டா. முந்தாநாள் ரெண்டு பேருக்கும் சின்னச் சண்டை, கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. இருந்தாலும் மனசு கேக்கல, அதான் வந்தேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “மாரீஸ்வரின்னா சொன்னீக? எந்த ஊரு?”

ஊரைச் சொன்னேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க எதிர்வீட்டுப் புள்ளைம்மா! எங்க ஊர்ல இருந்து அந்தக் கம்பெனிக்குப் போறது அது ஒண்ணுதான். வீடு பூட்டிக் கெடக்கு, புருசன் லாரியில வடக்க போயிருக்கான். ஐயோ, அங்கன அனாதையாக் கெடக்கா?”

மாரீஸ்வரியின் அம்மா வீடு காரியாபட்டியில் என்றார். அங்கே போன் இல்லை. பஸ் எப்போது என்று கழுவுகிறவரைக் கேட்டார். ஏறுங்கள், நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம் என்றேன். அவர்களையும் ஏற்றிக்கொண்டு அப்படியே மதுரைக்குப் போய்விடலாம் என்பது என் யோசனை. என் வீட்டுக்காரர் மட்டும், “முதல்ல நேரா மதுரைக்குப் போயிடலாமே டீச்சர். சுத்துவழி,” என்றார். பெத்தவங்களுக்குச் சொல்லாமல் நாம் போய் என்ன செய்வது என்று நான் அவர் வாயை அடைத்தேன். எங்கள் வீட்டில் நான் ஜெயித்த சண்டைகளில் இதுவும் ஒன்று.

கருப்பசாமி இடது ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு, எதிலும் சாயாமல் உட்கார்ந்திருந்தார். ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரியாது என்று விற்றவர் சொன்னதை அன்று சோதித்துப் பார்த்தேன். அதுவும் உண்மை. வழியெல்லாம் அவர் தனக்குள் பேசிக்கொண்டே வந்தார். போனதும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. “சின்னக் காயந்தான்னு மொதல்ல சொல்லணும். அப்பறம் பையச் சொல்லிக்கிறலாம்.” கொஞ்ச தூரம் போனபின், “அந்தப் புள்ள எதுல உக்காந்து வந்துச்சும்மா?” என்றார். அந்த இருக்கைதான் என்றேன். எழுந்து வலது பக்கம் மாறி உட்கார்ந்தார்.

காரியாபட்டியில் அந்த வீட்டு வாசலில் பந்தல். குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. மாரீஸ்வரியின் அக்கா மகளுக்குச் சடங்கு. பூ அலங்காரத்தோடு அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் யாரோ பெரிய இடத்து விருந்தாளிகள் என்று நினைத்து ஓடி வந்தார்கள். “வாங்க வாங்க, வண்டிய இப்பிடி நெழல்ல விடுங்க. சாப்பிட்டீகளா? மொதல்ல பந்தியில உக்காருங்க.” கருப்பசாமி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பந்தலுக்குள் நின்றார்.

உள்ளே இருந்து சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். “அண்ணே! நீங்க எப்பிடி இங்கன?” என்றாள்.

கருப்பசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் ஓடியது. “ஏத்தா மாரி! நீ உசுரோடயா இருக்க! நீ வெந்து மதுரையில கெடக்கன்னு சொல்ல வந்தேன்த்தா!” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வேறு ஏதோ மாரீஸ்வரி, பேர்க் குழப்பம் என்று எனக்கும் ஒரு ஆறுதல் வந்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. “எந்த பயர் ஆபீஸ்ல?” என்று கேட்டாள். சொன்னேன். “என்னைக்கு?” நேற்று மத்தியானம் என்றேன். அவள் கையில் இருந்த சந்தனம் தரையில் கொட்டியது.

“பேச்சியக்கா,” என்றாள். “என் பேருக்கு பேச்சியக்காதான் போயிருக்கு.”

அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கோர்த்து எழுதுகிறேன். சீசன் நேரத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் தீபாவளி வரைக்கும் வேலை இல்லை. அதனால் விசேஷத்துக்கோ சாவுக்கோ போக வேண்டியவள், தன் பேருக்கு இன்னொருத்தியை அனுப்பி உட்கார வைப்பாள். கணக்குப் பிள்ளை மாரீஸ்வரி என்பார், ஒரு கை உயரும், அவர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். யாருடைய கை என்று பார்ப்பதில்லை. அவள் கெஞ்சிக் கேட்டதால் பேச்சியம்மாள் மூன்று நாளைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள். காலையில் கருப்பசாமி வேலைக்குப் போனபின் பஸ் ஏறி, அவர் வருவதற்குள் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. நேற்று இரண்டாம் நாள்.

கருப்பசாமி கத்துவார், அவளை அடிக்கக்கூடப் போவார் என்று பயந்தேன். ஒன்றும் செய்யவில்லை. திரும்பி நடந்து, கதவைத் திறந்து ஏறினார். வலது பக்கம் உட்காரவில்லை, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். “போவோம்மா,” என்றார். மாரீஸ்வரி செருப்பில்லாமல் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். பந்தலில் பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மதுரை ரோட்டில் நூற்றுப் பத்தில் ஓட்டினேன். வண்டி அசையவில்லை. நூற்றுப் பத்து என்று உடம்புக்குத் தெரியவே தெரியாது. அன்று அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் வேகமாகப் போகிற மாதிரி ஒரு குலுக்கல், ஒரு சத்தம் இருந்திருந்தால் மனதுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கருப்பசாமி கதவின் உட்பக்கத்தில், கெரசின் போட்டும் முழுதாகப் போகாத அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வார்டில் கட்டிலின் தலைமாட்டில் மாரீஸ்வரி என்று எழுதிய அட்டை தொங்கியது. கட்டில் காலியாக இருந்தது.

“மாரீஸ்வரிக்கு வேண்டியவங்களா?” நர்ஸ் அம்மாள் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவு நேரம் எங்கே போனீங்க? விடிஞ்சதுல இருந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு அந்தம்மா. யாரும்மா வரணும்னு கேட்டேன், அவக வருவாகன்னு சொல்லுச்சு, பேரு கேட்டா சொல்லல. இப்பத்தான், அரை மணி நேரம் ஆகுது.”

மாரீஸ்வரி அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் பேர் எழுதிய அட்டைக்குக் கீழே தலையில் அடித்துக்கொண்டாள்.

மீதி நேரம் முழுக்கக் காகிதத்தில் போனது. இறந்தவள் மாரீஸ்வரி என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. மாரீஸ்வரியின் புருஷன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உடம்பு கிடைக்கும். கருப்பசாமி யார் என்பதற்கு அங்கே எந்தத் தாளிலும் இடமில்லை. நான்தான் மாரீஸ்வரி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அந்தப் பெண் போலீஸ்காரர் முன்னால் நின்று சொல்லி எழுதிக் கொடுத்தாள். பேரை முதலில் சொன்னது யார் என்று அவர் கேட்டார். நான் என்றேன். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை.

மூன்று மணிக்கு மேல் வெளியே வந்தோம். வண்டியை வேப்பமர நிழலில் விட்டிருந்தேன். கருப்பசாமி வண்டிப் படியில் உட்கார்ந்தார். அந்தப் படி அவ்வளவு உயரம், காலைத் தொங்கப் போட்டுத்தான் உட்கார முடியும். என் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிச்சுருங்க என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் போல நிமிர்ந்தார்.

“காலையில அந்தத் தண்ணி அடிக்கிற எடத்துல வச்சு நான் உங்கள்ட்டக் கேட்டேன்லம்மா, பேச்சியம்மாள்னு யாரும் உண்டான்னு.”

“கேட்டீங்க.”

“அப்ப அவ உசுரோடதான இருந்தா?”

“இருந்தாங்க,” என்றேன்.